இரும்பைப் பிளக்கும் ஒன்பது சதவீதம்

தண்ணீர் உறைந்து பனிக்கட்டியானால் அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். நம் ஊரில் இது பள்ளிக்கூட அறிவியல் கேள்வி. பதில் எழுதினால் இரண்டு மதிப்பெண். அமெரிக்காவின் மினசோட்டாவிலும் வடக்கு டகோட்டாவிலும் நூறு வருஷத்துக்கு முன்னால் முதன்முதலாக டிராக்டர் வாங்கிய விவசாயிக்கோ இது சொத்து விவகாரம். அங்கே ஜனவரி ராத்திரிகளில் வெப்பநிலை மைனஸ் 20, அதற்கும் கீழே என்று இறங்குவது புதிதல்ல. இன்ஜினுக்குள் அடைபட்ட 10 லிட்டர் தண்ணீர் விடிவதற்குள் கிட்டத்தட்ட 11 லிட்டர் இடம் கேட்கும். சுற்றிலும் இருப்பது வார்ப்பிரும்பு. அதற்கு வளைந்துகொடுத்துப் பழக்கமில்லை. காலையில் கொட்டகையைத் திறந்தால் இன்ஜினின் பக்கச்சுவரில் நீளவாக்கில் ஒரு கோடு ஓடியிருக்கும். கோட்டின் வழியே பனிக்கட்டி பிதுங்கி நிற்கும். வசந்தத்தில் உழவு தொடங்குவதற்குள் வேறு பிளாக் தேட வேண்டும், அல்லது குதிரைகளைத் திரும்ப ஏரில் பூட்ட வேண்டும்.

எஃகில் செய்திருந்தால் இந்த வம்பு வந்திருக்காதே என்று தோன்றலாம். வார்ப்பிரும்பு 1,200 டிகிரிக்குள் உருகிவிடும். எஃகுக்கு 1,500 டிகிரி பக்கம் போக வேண்டும். உருகிய வார்ப்பிரும்பு நன்றாக ஓடி அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும். சிலிண்டர், அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அறைகள், வால்வுகளுக்கான வழிகள் என்று உள்ளே குகை குகையாக இருக்கும் ஒரு பொருளை ஒரே வார்ப்பில் எடுக்க அதைவிட மலிவான வழி இல்லை. அதிர்வை உள்வாங்கும், தேய்மானத்தையும் தாங்கும். குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய குறை. அதிலுள்ள கார்பன் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாகச் சிதறிக் கிடக்கிறது. அழுத்தினால் இரும்பு அசையாது. இழுத்தால் ஒவ்வொரு செதிலின் நுனியும் ஒரு விரிசலுக்குத் தொடக்கப் புள்ளி. அழுத்தத்தைத் தாங்கும் திறனில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோதான் இழுவையைத் தாங்குவதற்கு உண்டு. உறையும் தண்ணீர் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. சுவருக்கு அது இழுவை.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. 1917-ல் ஹென்றி ஃபோர்டு ஃபோர்ட்சன் டிராக்டரைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு பெரும்பாலான டிராக்டர்களுக்குக் கீழே தனியாக ஒரு எஃகுச் சட்டம் இருக்கும். இன்ஜினும் கியர் பாக்ஸும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். ஃபோர்ட்சனில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். இன்ஜின் பிளாக், கியர் பாக்ஸ் கூடு, பின் அச்சின் கூடு மூன்றையும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்தால் அதுவே வண்டியின் உடம்பு. எடை குறைந்தது, செலவு குறைந்தது. 1922-ல் விலை 395 டாலருக்கு இறங்கியது. 1928-ல் அமெரிக்கத் தயாரிப்பு நிற்கும்வரை ஏழு லட்சத்துக்கும் மேல் செய்து விற்றார்கள். பின்னால் வந்த பெரும்பாலான சிறிய டிராக்டர்கள் இந்த வழியையே பிடித்துக்கொண்டன. நம் ஊரில் ஓடும் மாஸே ஃபெர்குசன் வரைக்கும் அதுதான் அமைப்பு. இதனால் வார்ப்பில் விழும் விரிசலுக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. காரின் பிளாக் பிளந்தால் பிளாக் போயிற்று. டிராக்டரின் பிளாக் பிளந்தால் முதுகெலும்பு போயிற்று. மாற்ற வேண்டுமானால் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

ஆகவே அன்றைய ஒரே பாதுகாப்பு, சாயங்காலம் தண்ணீரை வடித்துவிடுவது. கேட்க எளிதான வேலை. செய்யும்போதுதான் அதன் சூட்சுமம் தெரியும். முதலில் வண்டியைத் தண்ணீர் வெளியேறும் பக்கம் தாழ்வாக இருக்கும்படி நிறுத்த வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைக்க வேண்டும். காற்று உள்ளே போகாவிட்டால் தண்ணீர் பாதியில் நின்றுவிடும். ரேடியேட்டரின் அடியில் ஒரு சிறு குழாய் இருக்கும், அதைத் திறப்பார்கள். அது மட்டும் போதாது. பல வண்டிகளில் பிளாக்கின் பக்கவாட்டில் இன்னொரு குழாய் உண்டு. ரேடியேட்டர் காலியாகிவிட்டது என்று நம்பி அந்த இரண்டாவது குழாயை மறந்தவர்களின் பிளாக்தான் அதிகம் பிளந்தது.

இரண்டையும் திறந்தாலும் ஆபத்து தீரவில்லை. பிளாக்கின் அடியில் துருவும் சேறும் படிந்து கிடக்கும். குழாயைத் திறந்ததும் கொஞ்சம் செந்தண்ணீர் பீறிடும், பிறகு சொட்டும், பிறகு நின்றுவிடும். காலியாகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் துரு வந்து குழாயின் வாயை அடைத்திருக்கும். உள்ளே தண்ணீர் அப்படியே நிற்கும். விவரம் தெரிந்தவர் கையில் ஒரு துண்டுக் கம்பி வைத்திருப்பார். குழாய்க்குள் அதை விட்டுக் குத்துவார். அடைப்பு உடைந்து மறுபடி தண்ணீர் கொட்டும். அது தானாக நின்று, இன்னொருமுறை குத்தியும் ஒன்றும் வராவிட்டால்தான் வேலை முடிந்தது. தண்ணீர் பம்ப் உள்ள வண்டியானால், பம்பின் குழிவில் தங்கியிருப்பதை வெளியேற்ற இன்ஜினைக் கையால் ஒன்றிரண்டு சுற்று சுற்றிவிடுவதும் உண்டு. கடைசியில், தண்ணீர் இல்லை என்று ஒரு அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிடுவார்கள். மறுநாள் வேறு யாராவது தெரியாமல் கிளப்பினால், உறைந்து பிளப்பதற்குப் பதில் காய்ந்து பிளக்கும்.

காலையில் இன்னொரு வேலை காத்திருக்கும். அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். குளிரில் எண்ணெய் கெட்டியாகிவிடும் என்பதால் ராத்திரியே அதையும் வடித்து அடுப்போரம் வைத்திருப்பவர்கள் உண்டு. இங்கேயும் அவசரம் ஆகாது. விறைத்துக் கிடக்கும் இரும்பில் கொதிக்கும் தண்ணீரைக் கவிழ்த்தால், உள்சுவர் விரிய வெளிச்சுவர் விரியாமல் நிற்க, இரண்டுக்கும் நடுவில் விரிசல் விழும். வெதுவெதுப்பாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவேண்டும். இதையெல்லாம் அந்தக் காலத்து ஒழுக்கம் என்று கொண்டாட எனக்கு மனமில்லை. விரல் விறைக்கும் குளிரில், இருட்டில், எண்ணெய்ப் பிசுக்கோடு குனிந்து கிடப்பது தண்டனை. தப்பிக்க வழி கிடைத்திருந்தால் அவர்களில் ஒருவர்கூட அதைச் செய்திருக்க மாட்டார்.

வழி தேடாமலும் இல்லை. தண்ணீரில் ஆல்கஹால் கலந்தால் உறைநிலை இறங்கும். கார்க்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். டிராக்டருக்கு அது சரிப்படவில்லை. காரணம் எரிபொருள். அன்றைய டிராக்டர்கள் பலவும் பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுபவை. மண்ணெண்ணெய் நன்றாக ஆவியாக இன்ஜின் நல்ல சூட்டில், தண்ணீர் கொதிக்கும் நிலையை ஒட்டி இருக்க வேண்டும். மெத்தனாலோ 65 டிகிரியிலேயே கொதித்துவிடும், எத்தனால் 78-ல். மத்தியானத்துக்குள் ஆல்கஹால் ஆவியாகிப் போய், சாயங்காலம் ரேடியேட்டரில் மிஞ்சியிருப்பது வெறும் தண்ணீராக இருக்கும். கலவை போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் வடிக்காமல் தூங்கப் போனவர்கள் ஏமாந்தார்கள். உப்புக் கரைசல் உறையாது, ஆனால் இரும்பை அரித்துத் தின்றது. கிளிசரின் விலை கட்டுப்படியாகவில்லை. இன்டியானாவில் லா போர்ட் என்ற ஊரில் ரம்லி கம்பெனிக்காரர்கள் மட்டும் பிரச்சினையை வேரோடு பிடுங்கினார்கள். 1910-ல் வந்த அவர்களுடைய ஆயில்புல் டிராக்டரில் தண்ணீரே கிடையாது. இன்ஜினைக் குளிர்விக்க எண்ணெய். அது உறைந்து பிளக்காது, தண்ணீரைவிட அதிகச் சூட்டையும் தாங்கும், மண்ணெண்ணெய்க்கும் அதுவே தோது. நல்ல யோசனைதான். ஆனால் டிராக்டர் யானை கனம்; சிறு விவசாயி பக்கத்தில் போக முடியாது. 1931-ல் அந்தக் கம்பெனி அல்லிஸ்-சால்மர்ஸ் கைக்குப் போய்விட்டது.

முடிவில் தீர்வு ரசாயனச் சாலையிலிருந்து வந்தது. எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தை 19-ஆம் நூற்றாண்டிலேயே வேதியியலாளர்கள் செய்து பார்த்திருந்தார்கள். 1927-ல் அது பிரஸ்டோன் என்ற பெயரில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. தண்ணீரோடு சரிபாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரைக்கும் உறையாது. கொதிநிலையும் ஏறுமே தவிர இறங்காது. ஆல்கஹால்போலப் பறந்து போகாது. இலையுதிர் காலத்தில் ஒருமுறை ஊற்றினால் குளிர்காலம் முழுக்கக் கவலையில்லை. தொடக்கத்தில் விலை அதிகம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் பண்ணைக் கொட்டகைகளில் அது சாதாரணப் பொருளானது. தினமும் வடிக்கும் வழக்கம் ஒரு தலைமுறைக்குள் காணாமல் போனது.

இன்று அதே மாநிலங்களில் அந்தப் பழைய டிராக்டர்கள் இன்னும் இருக்கின்றன. ஃபோர்டு 8என், ஃபார்மால் எச், ஃபார்மால் எம், ஜான் டியரின் இரண்டு சிலிண்டர் வண்டிகள். எழுபது எண்பது வயதாகியும் ஓடுகின்றன. உழுவதற்கு அல்ல, புல் வெட்ட, விறகு இழுக்க, கண்காட்சி ஊர்வலத்தில் ஓட்ட, அல்லது தாத்தா ஓட்டியது என்பதற்காகவே வைத்துக்கொள்ள. இவற்றின் வார்ப்புகளிலும் விரிசல் விழுகிறது. காரணம் மாறிவிட்டது. அன்று ஒரே ஒரு ராத்திரி மறதி பிளாக்கைப் பிளந்தது. இன்று பல வருஷங்களாகச் சொட்டுச் சொட்டாகச் சேரும் தண்ணீர், யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் பிளக்கிறது.

அந்த இடம் கியர் பாக்ஸின் வயிறு. கியர் கம்பியின் அடியில் ஒரு ரப்பர் உறை இருக்கும். வெயிலில் வெடித்துக் கிழிந்துவிடும். வண்டி வெட்டவெளியில் நிற்கிறது. மழை கியர் கம்பி வழியாக இறங்குகிறது. மழையே இல்லாவிட்டாலும், பகலில் சூடேறி ராத்திரியில் குளிரும் கூட்டுக்குள் காற்றிலுள்ள ஈரம் வியர்த்துச் சொட்டும். தினமும் ஓடும் வண்டியில் எண்ணெய் சூடேறி அந்த ஈரத்தை ஓட்டிவிடும். வருஷத்துக்கு நாலு நாள் ஓடும் வண்டியில் அது போக வழியில்லை. எண்ணெய் மேலே மிதக்க, தண்ணீர் அடியில் தங்கும். அளவுகோலை விட்டுப் பார்த்தால் எண்ணெய் நிறையவே காட்டும். அடியில் தண்ணீர் தூக்கி நிறுத்தியிருக்கிறது என்பது தெரியாது. ரேடியேட்டரில் விலையுயர்ந்த கூலன்ட் ஊற்றி, இனிப் பயமில்லை என்று உரிமையாளர் நிம்மதியாக இருக்கையில், டிசம்பர் குளிர் அடிவயிற்றைப் பிளந்துவிடும். கூடு தப்பித்தாலும் ஆபத்து உண்டு. ஃபோர்டு 8என் போன்றவற்றில் கியருக்கும் பின் அச்சுக்கும் ஹைட்ராலிக்குக்கும் எண்ணெய் ஒன்றே. ஹைட்ராலிக் பம்ப் அடியில்தான் மூழ்கிக் கிடக்கிறது. பனிக்கட்டி பிடித்திருக்கும் பம்பை இன்ஜின் சுழற்றினால் முறியாமல் என்ன செய்யும்?

இதற்குப் பரிகாரம் சின்ன வேலை. குளிர் தொடங்குவதற்கு முன்னால், வண்டி சில நாள் அசையாமல் நின்றபின், அடியிலுள்ள வடிகால் திருகை மெல்லத் தளர்த்த வேண்டும். 8என்னில் அப்படி மூன்று திருகுகள்; மூன்றையும் பார்க்க வேண்டும். தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். எண்ணெய் வரத் தொடங்கியதும் இறுக்கிவிடலாம். வருவது மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் எண்ணெயோடு கலந்துவிட்டது, முழுவதும் மாற்ற வேண்டியதுதான். காலம் முக்கியம். உறைந்தபின் திருகைக் கழற்றினால் ஒரு சொட்டும் வராது; சுத்தமாக இருக்கிறது என்று எண்ணித் திரும்ப மாட்டிவிடுவோம்.

அடுத்தது புகைபோக்கி. பழைய டிராக்டர்களில் அது செங்குத்தாக வானத்தைப் பார்த்து நிற்கும். மழை நேராக உள்ளே இறங்கும். வண்டியை நிறுத்தும்போது ஏதாவது ஒரு சிலிண்டரின் வால்வு திறந்திருக்கும். தண்ணீர் அதன் வழியே பிஸ்டன் தலையில் போய்த் தேங்கும். குளிர் நாட்டில் பிளக்கும், வெப்ப நாட்டில் பிஸ்டன் துருப்பிடித்து இறுகும். அமெரிக்கப் பண்ணைகளில் இதற்குப் பழைய வைத்தியம், புகைபோக்கியின் மேல் ஒரு காலி தகர டப்பாவைக் கவிழ்ப்பது. அந்த டப்பா காப்பாற்றிய இன்ஜின்கள் எத்தனையோ.

கூலன்ட் விஷயத்திலும் ஒரு மயக்கம் இருக்கிறது. பாதி கலந்தால் மைனஸ் 37 என்றால், தண்ணீரே கலக்காமல் ஊற்றினால் இன்னும் நல்லதுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. நேர்மாறு. கலக்காத எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையும். சூட்டைக் கடத்துவதிலும் தண்ணீருக்கு ஈடாகாது. அதே நேரம், குறையும்போதெல்லாம் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தால் சில வருஷத்தில் கலவை நீர்த்துப் போயிருக்கும். நிறம் மட்டும் பச்சையாகவே ஏமாற்றும். அடர்த்திமானி வைத்து அளந்து பார்ப்பது ஒன்றே வழி. துருவைத் தடுக்கச் சேர்த்திருக்கும் மருந்தும் நாளடைவில் தீர்ந்துவிடும், ஆகவே சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். வடித்ததைத் தரையில் விடக்கூடாது. இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும். பிளாக்கின் பக்கத்தில் வட்டவட்டமாக மூடிகள் இருக்கின்றனவே, உறைந்தால் அவை பிதுங்கி பிளாக்கைக் காப்பாற்றும் என்றும் ஒரு நம்பிக்கை உலவுகிறது. வார்க்கும்போது உள்ளே வைத்த மணலை வெளியே எடுப்பதற்காக விட்ட ஓட்டைகள் அவை. சில சமயம் அதிர்ஷ்டவசமாக மூடி பிதுங்கி பிளாக் தப்பியிருக்கிறது. நம்பி இருக்க முடியாது.

விரிசல் விட்டபின் என்ன செய்வது என்பதிலும் காலம் மாறியிருக்கிறது. அன்று கொல்லர் பட்டறையில் இரும்புத்தூள், நவச்சாரம், கந்தகம் மூன்றையும் குழைத்து விரிசலில் அடைப்பார்கள். அது துருவேறித் துருவேறிக் கல்லாகும். அல்லது மேலே தகடு வைத்துத் திருகிவிடுவார்கள். வெல்டிங் செய்யப் போனால் முழு வார்ப்பையும் கரி நெருப்பில் 500, 600 டிகிரிக்குக் காய்ச்சி, ஒட்டியபின் சாம்பலிலோ சுண்ணாம்பிலோ புதைத்து ஒரு நாள் முழுக்க ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு ஒட்டினால், ஒட்டுக்குப் பக்கத்திலேயே புது விரிசல் டிக்கென்ற சத்தத்தோடு திறக்கும். 1930-களில் டெக்சாஸ் எண்ணெய் வயல்களில் இன்னொரு வழி பிறந்தது. தீப்பொறி கூடாத இடம் என்பதால், விரிசலுக்குக் குறுக்கே வரிசையாகத் துளைபோட்டு, உலோகச் சாவிகளை அடித்து இறக்கித் தையல் போடுவதுபோல இணைத்தார்கள். சூடே காட்டாத வேலை. அதனால் கோணல் வராது. இன்று பழைய டிராக்டர் பிளாக்குகளை மீட்கிற நல்ல பட்டறைகள் அதைத்தான் செய்கின்றன. நிக்கல் கம்பி கொண்டு ஒரு அங்குலம் ஒட்டி, சுத்தியலால் மெல்லத் தட்டி, கை வைக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு மறுபடி ஒட்டும் முறையும் உண்டு. எந்த முறையானாலும் முதல் காரியம் ஒன்றே. விரிசலின் இரண்டு முனைகளையும் கண்டுபிடித்து அங்கே ஒரு சிறு துளை போட வேண்டும். இல்லாவிட்டால் விரிசல் மேலே ஓடும். கண்ணுக்குத் தெரியும் முனை உண்மையான முனை இல்லை. பழைய ஆட்கள் மண்ணெண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டு, சுண்ணாம்பு பூசிக் காத்திருப்பார்கள். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளையில் மெல்லிய கோடு வரையும். இப்போது சாயம் வைத்துப் பார்ப்பதும் அதே தத்துவம்தான்; காந்தத் தூள் வைத்தும் பார்க்கிறார்கள்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது? தஞ்சாவூரில் தண்ணீர் உறையப்போவதில்லை. லடாக்கிலும் லாஹௌல்-ஸ்பிட்டியிலும் டிராக்டர் ஓட்டுபவர்களுக்கு மேலே சொன்ன அத்தனையும் பொருந்தும். நமக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் வண்டி அதே வண்டி. 1960-ல் சென்னையில் டாஃபே தொடங்கி மாஸே ஃபெர்குசன் டிராக்டர்களை இங்கே செய்ய ஆரம்பித்தபோது, ஃபோர்ட்சன் வழியில் வந்த அந்தச் சட்டமில்லாத உடம்பும் கூடவே வந்தது. சிம்ப்சன் கம்பெனியின் மூன்று சிலிண்டர் இன்ஜின் பூட்டிய ‘1035’ ரக வண்டிகள் இன்றும் டெல்டாவில் ஓடுகின்றன. குளிர் செய்த வேலையை இங்கே சூடு செய்கிறது.

அறுவடை சமயம். வைக்கோல் தூசி ரேடியேட்டரின் முகத்தை அடைத்துக்கொள்கிறது. உள்ளே வருஷக்கணக்காக ஊற்றிய போர்வெல் தண்ணீரின் உப்பு, சிலிண்டரைச் சுற்றிச் சுண்ணாம்புப் படலமாகப் படிந்திருக்கிறது. முள் சிவப்புக்குப் போகிறது. டிரைவர் வண்டியை நிறுத்தி, சாக்கை வைத்து மூடியைத் திறந்து, வாய்க்காலில் மொண்ட குடத்துத் தண்ணீரை அப்படியே கவிழ்க்கிறார். சிலிண்டர் ஹெட்டில் இரண்டு வால்வுகளுக்கு நடுவே உள்ள இரும்பு ஒடுக்கமானது, இன்ஜினிலேயே அதிகம் காயும் இடமும் அதுதான். அங்கேதான் மயிரிழை விரிசல் விழும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து ரேடியேட்டரில் குமிழி வரும், தண்ணீர் காரணமில்லாமல் குறையும், இன்ஜின் எண்ணெய் வெளுக்கும். கேஸ்கட் போய்விட்டது என்று புது கேஸ்கட் போடுவார்கள். மறுபடி போகும். மூன்றாவது தடவை யாராவது ஹெட்டைக் கழற்றிச் சோதித்தால்தான் விரிசல் தெரியும். சூடான வண்டியில் இன்ஜினை ஆறவிட்டு, பிறகு மெதுவாக ஓடவிட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் இவ்வளவும் மிச்சம். தெர்மோஸ்டாட் இருந்தால் சூடாகும் என்று அதைக் கழற்றி எறிகிற பழக்கம் நம் பட்டறைகளில் வேரோடியிருக்கிறது. அடைப்பை எடுக்காமல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பது மாதிரி.

இன்னொரு விரிசலும் நம் பக்கம் அதிகமாகி வருகிறது. அதற்குத் தண்ணீர் காரணம் இல்லை, பாரம். அன்று ஒரு டிராக்டர் உழும், பரம்படிக்கும், டிரெய்லர் இழுக்கும். இன்று அதே பழைய வண்டியில் முன்னால் பக்கெட் மாட்டி மண் அள்ளுகிறார்கள், முழு கேஜ் வீலோடு சேற்றில் இறக்குகிறார்கள். பக்கெட்டின் சட்டம் பின் அச்சு வரை நீண்டு அங்கே தாங்கப்பட வேண்டும். லேத் பட்டறையில் மலிவாகச் செய்யும்போது இன்ஜின் பக்கத்து போல்ட்டுகளிலேயே முடித்துவிடுகிறார்கள். தூக்கும் பாரமெல்லாம் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவிலுள்ள கூட்டை வளைக்கப் பார்க்கும். வளையாத இரும்பு போல்ட் ஓட்டையிலிருந்து பிளக்கத் தொடங்கும். ஒரு போல்ட் தளர்ந்திருந்தாலே போதும், அதன் பங்குச் சுமை பக்கத்து போல்ட்டுக்குப் போய் அங்கிருந்து விரிசல் புறப்படும். ஆகவே போல்ட்டுகளை ஒவ்வொரு பருவத்திலும் ஸ்பானர் போட்டுப் பார்க்க வேண்டும். ஹெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, படிப்படியாக இறுக்க வேண்டும். கைக்குத் தெரியும் என்று சொல்லும் மெக்கானிக்குகளை நான் மதிக்கிறேன். ஹெட்டை மட்டும் அந்த நம்பிக்கையில் விடமாட்டேன்.

மொத்தத்தில் பார்த்தால், அந்தக் குளிர் தேசத்து விவசாயி சாயங்காலம் கம்பி வைத்துக் குத்திக்கொண்டிருந்தது அவருக்கு வேறு வழியில்லாததால். நமக்கு வழி இருக்கிறது, அதனால்தான் பார்ப்பதில்லை. பழைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். கியர் கம்பியின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றுங்கள். அதற்கு ஒரு நாள் டீசல் செலவுகூட ஆகாது. வண்டி நிற்கும்போது சைலன்சர் வாயில் ஒரு டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, கிளப்பும்போது மறக்காமல் எடுங்கள். சேற்று உழவு முடிந்த வண்டியானால் கியர் பாக்ஸின் வடிகால் திருகைத் தளர்த்தி, வருவது எண்ணெயா தண்ணீரா என்று பாருங்கள். நம் ஊரில் அது கூட்டைப் பிளக்காவிட்டாலும் பேரிங்கை அரித்துவிடும். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீரை நிறுத்திவிட்டு கூலன்ட் கலவைக்கு மாறுங்கள். சூட்டில் தண்ணீர் ஊற்றாதே என்பதை மட்டும் டிரைவரிடம் நேரில் சொல்லி, ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.